எண் கேட்கும் கதவு

ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் போய்க் கறவை மாட்டின் காதைப் பாருங்கள். மஞ்சள் வில்லை ஒன்று குத்தியிருக்கும். அதில் பன்னிரண்டு இலக்க எண், கூடவே ஒரு பட்டைக்கோடு. கோமாரித் தடுப்பூசி போட வந்த கால்நடைத் துறையினர் மாட்டிவிட்டுப் போனது அது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தடுப்பூசி பெறும் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் இந்த எண் தரப்படுகிறது. ஒரு மாட்டுக்குத் தந்த எண் நாட்டில் வேறெந்த மாட்டுக்கும் இல்லை. இனம், வயது, சினை ஊசி போட்ட நாள், தடுப்பூசி விவரம் எல்லாம் அந்த எண்ணின் கீழ் ‘பாரத் பசுதன்’ என்ற தரவுத்தளத்தில் ஏறுகின்றன.

அதே வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு எண் கிடையாது. அடுப்படிக்குள் வந்து போகும் பூனைக்கும் கிடையாது. இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். அங்கே வீட்டுப் பூனைக்கு எண் உண்டு. அந்த எண்ணைத் தானே படித்து, நம் பூனைக்கு மட்டும் திறந்து, பக்கத்து வீட்டுப் பூனை முட்டினால் பூட்டியே இருக்கும் சிறு கதவுகள் அங்கே ஏராளமான வீடுகளில் உள்ளன.

மாட்டின் காது வில்லையும் அந்தப் பூனைக் கதவும் ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கின்றன: ஒரே மாதிரி இருக்கும் பல விலங்குகளில் இது எது? வேறுபாடு, படிப்பது யார் என்பதில் இருக்கிறது. வில்லையைப் படிக்க ஒரு மனிதக் கண் வேண்டும், அல்லது ஒருவர் கையில் கைப்பேசி வேண்டும். கதவோ யார் துணையும் இல்லாமல், இருட்டிலும் மழையிலும், ஓடிவரும் பூனையின் எண்ணை அரை நொடிக்குள் படித்தாக வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், நம் ஊர் மாட்டுக்கும் நாய்க்கும் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதும் தெளிவாகும்.

விலங்குகளுக்கான கதவின் முதல் வடிவம் கதவில் போட்ட ஓட்டை. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராலயத்தில் எலி பிடிக்கும் பூனைக்காகப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய துளை இன்றும் இருக்கிறது. ஓட்டையில் ஆடும் பலகை பொருத்தினார்கள். பிறகு பூனையின் கழுத்துப்பட்டையில் காந்தம் தொங்கவிட்டு, அந்தக் காந்தம் நெருங்கினால் கொக்கி விலகும்படி செய்தார்கள். அது அடையாளம் காணும் கதவு அல்ல. காந்தம் கட்டிய எந்தப் பூனைக்கும் அது திறக்கும். போதாததற்கு, காந்தத்தோடு அலையும் பூனை தெருவில் கிடக்கும் ஆணியையும் இரும்புத் துணுக்கையும் சேர்த்துக்கொண்டு வரும். கழுத்துப்பட்டை கிளையில் மாட்டிக் கழன்று விழுந்தால் சொந்தப் பூனையே வெளியில் நிற்கும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு வேறொரு தேவையிலிருந்து வந்தது. 1970-களில் அமெரிக்க வேளாண் துறை, மாடுகளை மின்னணு முறையில் அடையாளம் காண வழி கேட்டு லாஸ் அலமோஸ் ஆய்வகத்தை அணுகியது. அணுகுண்டு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ஆய்வகம் அது. அங்கே ஆல்ஃபிரட் கோல், ஸ்டீவன் டெப், ராபர்ட் ஃப்ரேமன் ஆகிய மூவரும் மாட்டின் மேல் பொருத்தும் ஒரு சாதனம் ரேடியோ அலைகளுக்குத் தன் எண்ணைப் பதிலாகத் திருப்பி அனுப்பும் முறையை 1975-இல் வெளியிட்டார்கள். அதற்குச் சற்று முன், 1973-இல், சார்லஸ் வால்டன் என்பவர் சாவி இல்லாமல் கதவைத் திறக்கும் ரேடியோ அட்டைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மாட்டுக்கான எண்ணும் மனிதனுக்கான கதவும் தனித்தனியே பிறந்தன. இரண்டும் பூனைக் கதவில் ஒன்றுசேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் நிக் ஹில், அக்கம்பக்கத்துப் பூனைகள் தன் வீட்டுக்குள் நுழைவதைத் தடுப்பதற்காக, தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பைப் படிக்கும் கதவைச் செய்து 2008-இல் ‘ஷ்யூர்ஃபிளாப்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

மைக்ரோசிப் என்றதும் பலர் நினைப்பது, அது இருந்தால் நாய் எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் பார்க்கலாம் என்பதுதான். பார்க்க முடியாது. அதில் ஜிபிஎஸ் இல்லை. பேட்டரியும் இல்லை. சுமார் 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட கண்ணாடிக் குழாய் அது. உள்ளே இருப்பவை, ஃபெரைட் தண்டில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிய சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு நுண்சில்லு. அவ்வளவுதான். சற்றுப் பெரிய ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். ஆயுள் முழுவதும் அது அங்கேயே இருக்கும். யாரும் கேட்காத வரை அது எதுவும் செய்வதில்லை.

கேட்பது கதவின் வேலை. கதவுச் சட்டத்தைச் சுற்றி ஒரு பெரிய கம்பிச்சுருள் மறைந்திருக்கிறது. அதில் நொடிக்கு 1,34,200 முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும் மின்னோட்டம் பாய்கிறது, 134.2 கிலோஹெர்ட்ஸ் என்பது இதுதான். மாறும் மின்னோட்டம் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். மாறும் காந்தப்புலத்தில் இன்னொரு சுருளை வைத்தால் அதில் மின்னழுத்தம் தோன்றும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல். நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் இதே விதிப்படிதான் வேலை செய்கிறது. பூனை தலையை நுழைத்ததும் அதன் தோளில் உள்ள சிறு சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது, சில்லு விழிக்கிறது.

பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அதைப் பயன்படும் அளவுக்கு உயர்த்துவதுதான் சுருளோடு சேர்ந்திருக்கும் மின்தேக்கியின் பணி. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்த நேரத்தில் விரலால் தொட்டுத் தள்ளினாலே போதும், கொஞ்ச நேரத்தில் உயரப் போய்விடும். சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றுக்கும் அப்படி ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. அதைக் கதவின் அலைவெண்ணுக்கு இசைத்து வைத்திருப்பதால், சிறு தூண்டலே சில்லை இயக்கப் போதுமான ஆற்றலாகக் குவிகிறது.

அடுத்து சில்லு தன் எண்ணைச் சொல்ல வேண்டும். தனியாக ஒலிபரப்ப அதற்குச் சக்தி இல்லை. எனவே அது ஒரு தந்திரம் செய்கிறது. தன் சுருளின் மீது ஒரு சிறு மின்சுமையை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கிறது. ஏற்றும்போது கதவின் புலத்திலிருந்து சற்றுக் கூடுதல் ஆற்றல் உறிஞ்சப்படுகிறது. அதனால் கதவின் சுருளிலுள்ள மின்னழுத்தம் மயிரிழை அளவு குறைகிறது. இறக்கினால் பழையபடி ஆகிறது. கதவு இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து பூஜ்யங்களாகவும் ஒன்றுகளாகவும் எழுதிக்கொள்கிறது. கேள்வி கேட்பவரின் சக்தியையே எடுத்து அதிலேயே பதிலை எழுதிக் காட்டும் இந்த ஏற்பாடு, எனக்குத் தெரிந்த மின்னணு யோசனைகளில் மிக அழகானவற்றில் ஒன்று.

பதிலின் வடிவத்தை ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற இரண்டு பன்னாட்டுத் தரநிலைகள் வகுத்திருக்கின்றன. மொத்தம் 128 பிட்டுகள். முதலில் பத்துப் பூஜ்யங்களும் ஓர் ஒன்றும் வரும். செய்தி இங்கே தொடங்குகிறது என்பதற்கான குறி. பிறகு 64 பிட்டுகளில் அடையாளம். அதில் 10 பிட்டுகள் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். இந்தியாவின் எண் 356. சிப் எண் 900-க்கு மேல் உள்ள எண்ணில் தொடங்கினால் அது பெரும்பாலும் தயாரிப்பாளரின் எண். 38 பிட்டுகள் அந்தத் தனி விலங்குக்கு உரியவை. 38 பிட்டுகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் சுமார் 27,487 கோடி எண்கள் கிடைக்கும். எண் தீர்ந்துவிடுமோ என்ற கவலை வேண்டியதில்லை. இதையடுத்துப் பிழைச்சோதனைக்கு 16 பிட்டுகள் வருகின்றன. வழியில் ஒரு பிட் மாறியிருந்தாலும் கணக்கு இடிக்கும். கதவு அந்த வாசிப்பைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். ஒரு செய்தி முழுதாக வர சுமார் 30 மில்லிநொடி போதும். எனவே நொடிக்கு முப்பது தடவைக்கு மேல் எண் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

134.2 கிலோஹெர்ட்ஸ் என்னும் இவ்வளவு தாழ்ந்த அலைவெண்ணை ஏன் தேர்ந்தார்கள்? சென்னையிலிருந்து திருத்தணிக்குக் காரில் வருபவர்கள் பட்டரைப்பெரும்புதூர் சுங்கச்சாவடியைக் கடந்திருப்பார்கள். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகிலும் பேட்டரி கிடையாது, அதுவும் ரீடரின் ஆற்றலில்தான் பதில் சொல்கிறது. ஆனால் அது பல மீட்டர் தூரத்திலிருந்தே படிக்கப்படுகிறது. அதன் அலைவெண் 865 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். பார்த்தால் அதுவே மேலான தொழில்நுட்பம் என்று தோன்றும். ஆனால் அந்த அலை தண்ணீரில் விரைவாக வலுவிழக்கும், விலங்கின் உடலோ பெரும்பகுதி தண்ணீர். தோலுக்கடியில் அதை வைத்தால் பதில் வெளியே வந்து சேர்வது அரிது. தாழ்ந்த அலைவெண்ணின் காந்தப்புலத்துக்குத் தசையும் இரத்தமும் ஏறத்தாழ இல்லாதவை போல.

இதற்கு விலையும் உண்டு. 134.2 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகம். ஒரு சாண் கதவுச் சுருளால் அப்படி ஓர் அலையைத் தொலைவுக்கு அனுப்ப முடியாது. சுருளை ஒட்டிய காந்தப்புலம் மட்டுமே கிடைக்கும். அந்தப் புலம் தூரத்தின் முப்படிக்கு ஏற்பத் தேய்கிறது. தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். போகும்போது ஒரு தேய்வு, பதில் வரும்போது இன்னொரு தேய்வு. இதனால்தான் கதவு எண்ணைப் படிக்க வேண்டுமானால் பூனை அதன் வாய்க்குள் தலையையும் தோளையும் நுழைத்தாக வேண்டும். கையடக்க ரீடரை வைத்திருக்கும் கால்நடை மருத்துவரும் நாயின் தோள்மேல் அதை ஓட்டிப் பார்க்க வேண்டியிருப்பது இதே காரணத்தால். தெருவில் ஓடும் நாயைத் தூரத்திலிருந்து படிக்கும் மைக்ரோசிப் கருவி கிடையாது, இந்த அலைவெண்ணில் இருக்கவும் முடியாது.

கதவு எந்நேரமும் புலத்தை எழுப்பிக்கொண்டிருந்தால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும். அதனால் சாதாரணமாக அது தூங்குகிறது. வாயிலில் ஏதோ அசைந்ததாக ஓர் உணரி சொன்னதும் விழித்து, எண்ணைப் படித்து, தன் நினைவிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இருந்தால் கொக்கியை விலக்குகிறது. நான்கு பென்சில் பேட்டரிகளில் பல மாதங்கள் இப்படி ஓடும். புதிய விலங்கைச் சேர்ப்பதும் எளிது: ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அந்த விலங்கை ஒருமுறை நுழையவிட்டால் போதும். இந்தப் பூனை இரவில் வெளியே போகக் கூடாது, அந்தப் பூனை போகலாம் என்று தனித்தனிக் கட்டளை தரும் மாதிரிகளும் உண்டு.

இப்போது இந்தக் கதவை ஆர்.கே.பேட்டைக்கு எடுத்து வருவோம்.

இது விசைத்தறி ஊர். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டோடு சேர்ந்த தறிக்கூடங்கள் நிறைய. தறியை ஓட்டும் மோட்டார்களும் மலிவான எல்இடி விளக்குகளின் மின்சுற்றுகளும் தாழ்ந்த அலைவெண்களில் மின்னிரைச்சலைக் கிளப்பும். கதவு தேடுவதோ தன் சுருளில் மயிரிழை அளவு ஏற்ற இறக்கத்தை. பக்கத்தில் மோட்டார் ஓடினால் அந்த ஏற்ற இறக்கம் இரைச்சலில் மூழ்கும், படிக்கும் தூரம் குறுகும். இன்னொன்று இரும்பு. நம் வீடுகளில் வாசலுக்கு கிரில் கேட்டும் கொல்லைக்குத் தகரக் கதவும் வைப்பது வழக்கம். ரீடரின் சுருளை உலோகத்தில் பொருத்தினால் புலம் அந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். அவை புலத்தை எதிர்த்துத் தணிக்கும், சுருளின் இசைவும் கெடும். மரக்கதவு, கண்ணாடி, செங்கல் சுவர் என்றால் சிக்கல் இல்லை. தகரக் கதவென்றால் சுற்றிலும் அகலமாக வெட்டியெடுத்து மரப்பலகை வைத்து அதில்தான் பொருத்த வேண்டும்.

குரங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துச் சோளிங்கர் மலையேறியவர்களுக்குக் குரங்குகளின் கைத்திறன் தெரியும். பூனைக் கதவின் பூட்டு, முட்டித் தள்ளும் விலங்கை எண்ணிச் செய்தது. விரலால் நெம்பி இழுக்கும் விலங்கை எண்ணிச் செய்ததல்ல. எண் சரியா தவறா என்ற கேள்விக்கே போகாமல் குரங்கு பலகையைப் பிடுங்கிவிடலாம். அடையாளம் காணும் அறிவும் தடுக்கும் வலிமையும் இரு வேறு விஷயங்கள். நம் ஊர்க் கதவுக்கு இரண்டாவதில்தான் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும்.

நாய்க்கும் பூனைக்கும் நம் வீடுகளில் தனிக்கதவு அவ்வளவு தேவையா என்றும் கேட்கலாம். பகலெல்லாம் வாசல் திறந்திருக்கும் ஊரில் தேவை குறைவுதான். தேவை அதிகம் உள்ள இடம் ஆட்டுப்பட்டி என்று நினைக்கிறேன். திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியது அண்மைச் செய்தி. ஆட்டுக்குத் திறந்து நாய்க்கு மூடும் கதவு பட்டிக்குக் கிடைத்தால் நல்லதுதானே? ஆனால் இங்கே சிப் முறை தடுமாறும். ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, நெருக்கியடித்துக்கொண்டு வரும். இரண்டு சிப்புகள் ஒரே நேரத்தில் புலத்துக்குள் வந்தால் இரண்டும் சேர்ந்தே பேசும். பேச்சு கலந்து, பிழைச்சோதனை இடித்து, கதவுக்கு ஒன்றுமே புரியாமல் போகும். வரிசையாக முறைவைத்துப் பேசும் ஏற்பாடு இந்தத் தரநிலையில் இல்லை. ஒவ்வோர் ஆடாக மட்டும் போகக்கூடிய குறுகிய நடைவழி கட்டினால்தான் எண்ணைப் படிக்க முடியும். வெளிநாட்டுப் பண்ணைகளில் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அதோடு, பின்னால் ஒட்டி வரும் நாய் முன்னால் போகும் ஆட்டுக்குத் திறந்த கதவில் நுழைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டிக்கு வேண்டியது எந்த ஆடு என்ற கேள்விக்கான விடைகூட அல்ல. ஆடா நாயா என்பதற்கான விடை.

அந்தக் கேள்விக்குக் கேமரா விடை சொல்லும். தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. கோவை மதுக்கரையில் ரயில் மோதி யானைகள் இறப்பதைத் தடுக்க, 2024 பிப்ரவரியில் வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பைத் தொடங்கியது. 12 கோபுரங்களில் சாதாரணக் கேமராக்களும் வெப்பப் படம் எடுக்கும் கேமராக்களும் தண்டவாளத்தின் இருபுறமும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. யானை நெருங்கினால் எச்சரிக்கை போகிறது, ரயிலின் வேகம் குறைக்கப்படுகிறது. அது எந்த யானை என்பது அங்கே தேவையில்லை. யானை என்று தெரிந்தாலே உயிர் தப்புகிறது.

கேமராவின் விடை சிப்பின் விடையைப் போன்றதல்ல. சிப்பில் எண் பொருந்தும், அல்லது பொருந்தாது. கேமரா சொல்வது நிகழ்தகவு: இது ஆடாக இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாய்ப்பு என்ற மாதிரி. எந்த அளவுக்கு மேல் போனால் கதவைத் திறப்பது என்ற கோட்டை மனிதர்தான் போட வேண்டும். கோட்டை உயர்த்தினால் சொந்த ஆடு வெளியே நிற்கும். தாழ்த்தினால் நாய் உள்ளே வரும்.

2019-இல் சியாட்டில் நகரில் அமேசான் ஊழியரான பென் ஹாம் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார். அவருடைய பூனை மெட்ரிக், பிடித்த எலியையும் பறவையையும் வாயில் கவ்விக்கொண்டே வீட்டுக்குள் வரும். வாயில் இரை இருந்தால் கதவு பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். படத்தில் பூனை இருக்கிறதா, உள்ளே வருகிறதா, வாயில் ஏதேனும் இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்கும் மாதிரிகளைப் பயிற்றுவிக்க அவர் சுமார் 23,000 படங்களைத் தானே வகைப்படுத்தினார். ஐந்து வாரங்களில் சுமார் 180 முறை மெட்ரிக் வந்தது. இரையோடு வந்த ஏழு முறைகளில் ஆறு முறை கதவு சரியாகப் பூட்டியது. இரையில்லாமல் வந்தபோது ஒரே ஒரு முறை அநியாயமாகப் பூட்டியது.

இந்த எண்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். இதே 180 வருகைகளுக்கு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லும் ஒரு கதவு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல கதவாகத் தெரியும். இரையோடு வந்த ஏழில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அது பிடித்துவிடும். ஆனால் வெறும் வாயோடு வந்த 173 முறைகளில் ஐந்து சதவீதம், அதாவது எட்டு அல்லது ஒன்பது முறை தவறாகப் பூட்டும். அது பூட்டிய தடவைகளில் பாதிக்கு மேல் தவறானவை. நாம் தேடும் நிகழ்வு அரிதாக இருக்கும் இடத்தில், நல்ல துல்லியம் கொண்ட கருவியும் பெரும்பாலும் பொய் எச்சரிக்கை தருவதாக முடியும். ஆட்டுப்பட்டியிலும் இதே கணக்குத்தான்: நூற்றுக்கணக்கான முறை ஆடு வரும், எப்போதோ ஒருநாள் நாய் வரும்.

கேமராவால் தனி விலங்கையும் அடையாளம் காண முடியும். அந்தக் கதை மாட்டின் மூக்கில் தொடங்குகிறது. மாட்டின் மூக்கு நுனியில் ரோமமில்லாத ஈரப்பகுதியில் சிறு மேடுகளும் வரிகளும் நிறைந்திருக்கும். அவற்றின் அமைப்பு மாட்டுக்கு மாடு வேறுபடும் என்பதை 1922-இலேயே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டபிள்யூ. இ. பீட்டர்சன் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். மை தடவிக் காகிதத்தில் ஒற்றியெடுக்கும் முறை அது. ஈர மூக்கில் மை நிற்காது, மாடும் நிற்காது. அதனால் பெரிதாகப் பரவவில்லை. நூறு ஆண்டு கழித்து கைப்பேசிக் கேமரா அதை மீட்டெடுத்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த துவாரா இ-டெய்ரி நிறுவனம் ‘சுரபி’ என்ற பெயரில் மூக்கு வரியைப் படம் எடுத்து மாட்டை அடையாளம் காணும் முறையைக் கடனுக்கும் காப்பீட்டுக்கும் பயன்படும்படி கொண்டுவந்தது. நரம்பணு வலையமைப்பு ஒவ்வொரு மூக்குப் படத்தையும் ஓர் எண்வரிசையாக மாற்றுகிறது. ஒரே மாட்டின் இரண்டு படங்களுக்கு எண்வரிசைகள் நெருக்கமாகவும், வேறு மாடுகளுக்கு விலகியும் அமையும்படி அதைப் பயிற்றுவிக்கிறார்கள். புதுப் படம் வந்தால், பதிவிலிருப்பவற்றில் எது மிக நெருக்கம் என்று பார்ப்பார்கள். புலியின் உடல் வரிகளை வைத்து நம் புலிக் கணக்கெடுப்பு நடப்பதற்கும் அடிப்படை இதுதான்.

காப்பீட்டுக்கு ஏன் மூக்கு தேவைப்பட்டது என்பதை மாடு வைத்திருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். காப்பீடு செய்த மாடு செத்துப்போனால் காது வில்லையைக் காட்ட வேண்டும். வில்லை இல்லையென்றால் இழப்பீடு இல்லை என்பது நடைமுறை. மாடு வேலியில் காதைத் தேய்க்கும், வில்லை அறுந்து விழும், காது கிழியும். அறுந்ததும் தகவல் சொல்லி வேறு வில்லை போட்டுக்கொள்ளாத குடும்பம், ஆண்டு முழுக்கப் பிரீமியம் கட்டியும் ஒன்றும் பெறாமல் நிற்கும். அந்த மாட்டைக் கன்றிலிருந்து வளர்த்த அம்மாவுக்கு அது எந்த மாடு என்பதில் ஒரு நொடிகூட ஐயம் இருக்காது. அலுவலகத்தில் அந்த அறிவுக்கு மதிப்பு இல்லை.

இந்த இடத்தில்தான் கதவைப் பற்றிய கேள்வி முக்கியமாகிறது. அடையாளம் காண்பதில் விலங்குகளும் அவற்றோடு வாழ்பவர்களும் எந்தக் கருவிக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். குட்டி போட்ட வெள்ளாடு, முதல் சில மணி நேரத்திலேயே தன் குட்டியின் வாசனையைப் பதிந்துகொள்கிறது. பிறகு வேறு குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளிவிடும். செம்மறியாடுகள் ஐம்பது சக ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகள் வரை நினைவில் வைத்திருக்கும் என்பதைக் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாப்ரகாம் ஆய்வகத்தில் கீத் கெண்ட்ரிக் குழு 2001-இல் நேச்சர் இதழில் காட்டியது. மேய்ப்பவர்கள் பெரிய மந்தையிலும் ஒவ்வோர் ஆட்டையும் நடையிலும் குரலிலும் அறிவார்கள். ஆனால் இந்த அறிவு அவர்களோடே இருந்துவிடுகிறது. மந்தையை ஒருபோதும் பார்த்திராத ஒருவரிடம், இது அதே ஆடுதான் என்று மெய்ப்பிக்க அது உதவாது. எண்ணும் சிப்பும் மூக்குப் படமும் அந்த அந்நியருக்காக உண்டானவை. கதவும் ஓர் அந்நியர்தான். அதற்குப் பூனையைத் தெரியாது, எண்ணைத் தெரியும்.

அதனாலேயே எண் கொடுக்கும் பதிவேடு முதலில் வர வேண்டும். கதவு பிறகுதான் வரும். பிரிட்டனில் நாய்களுக்கு மைக்ரோசிப் 2016-இல் கட்டாயமானது. இங்கிலாந்தில் பூனைகளுக்கு 2024 ஜூனில். ஆனால் அதற்கு முன்பே, தொலைந்த விலங்கைத் திரும்பப் பெறுவதற்காக ஏராளமானோர் சிப் பொருத்தியிருந்தார்கள். கதவு செய்தவர் யாருக்கும் சிப் விற்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே தோலுக்கடியில் இருந்த எண்ணைப் படித்தார், அவ்வளவே. ஆஸ்திரேலியா 1999 முதலே மாடுகளுக்கு மின்னணுக் காது வில்லை பொருத்தத் தொடங்கியது. நடைவழியில் மாடு போகப் போக எண் தானாகப் படிக்கப்படும். எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்குப் போனது என்பது பதிவாகும். நம் மஞ்சள் வில்லையில் எண் இருக்கிறது, அதைத் தானாகப் படிக்கவைக்கும் சில்லு மட்டும் இல்லை. பால் சொசைட்டியிலோ சந்தையிலோ ஒருநாள் அப்படி ஒரு வாயில் வருமானால், அதற்குத் தேவையான அடித்தளத்தில் பாதி ஏற்கெனவே ஆர்.கே.பேட்டை மாடுகளின் காதில் இருக்கிறது.

நாய்களுக்கு அந்தப் பாதியும் இல்லை. சென்னையில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. 2025-இல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பையும் உரிமத்தையும் கட்டாயமாக்கியது. உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. கருத்தடை அறுவைக்குப் பிடித்துவரும் தெருநாய்களுக்கும் சிப் பொருத்தும் பணி தொடங்கியது. 2024 கணக்கெடுப்பின்படி அந்த நகரில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அதுவரை கருத்தடை செய்த நாயை அறிய இருந்த குறி, காது நுனியில் வெட்டிய சிறு பிளவு. அது தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும், கருவி வேண்டாம். ஆனால் எந்த நாய், எப்போது தடுப்பூசி போட்டது என்று சொல்லாது. சிப் அதைச் சொல்ல உதவும். ஆனால் நாயைப் பிடித்துத் தோளில் ரீடரை வைத்தாக வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரண்டும் வேண்டும்.

எல்லையோர ஊர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. ஆர்.கே.பேட்டையின் நாய்க்கும் ஆட்டுக்கும் சித்தூர் மாவட்டம் வேறு மாநிலம் என்று தெரியாது. சந்தைக்குப் போகும் மாடு அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் கைமாறும். மாட்டின் பன்னிரண்டு இலக்க எண் நாடு முழுவதும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பதால் எந்த மாநில மருத்துவரும் அதைப் பார்க்க முடியும். நாய்களின் சிப் எண்ணோ அந்தந்த நகராட்சியின் பதிவேட்டில்தான் ஏறுகிறது. சென்னையில் சிப் பொருத்திய நாய் திருத்தணியில் பிடிபட்டால், பதினைந்து இலக்க எண்ணை ரீடர் காட்டும். அந்த எண் யாருடையது என்பதைச் சென்னைப் பதிவேட்டைத் திறக்கக்கூடிய ஒருவர்தான் சொல்ல முடியும். சிற்றூர்க் கால்நடை மருந்தகங்களுக்கு ரீடர் கொடுப்பதோடு, மாடுகளுக்குச் செய்ததைப் போல நாய்களுக்கும் நாடு தழுவிய ஒரே பதிவேடு வைப்பதுதான் இதில் அவசரமான வேலை என்று கருதுகிறேன். அதற்குப் புதிய இயற்பியல் எதுவும் தேவையில்லை.

வெறிநோய் விஷயத்தில் இது உயிர் தொடர்பானது. கடித்த நாய் பிடிபட்டு, அதன் எண்ணின் கீழ் தடுப்பூசி விவரம் இருந்தால், அந்தப் பகுதியில் நோய் எங்கே இருக்கிறது, எந்தத் தெருவில் தடுப்பூசி விடுபட்டது என்று கால்நடைத் துறையால் சொல்ல முடியும். கடிபட்டவருக்கு அந்தத் தகவல் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. நாய்க்கு எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.